கோப்பு அணுகல் உரிமைச் சோதனையின் வரலாறு

கோப்பு அணுகல் உரிமைச் சோதனை என்பது, ஒரு கோப்பைப் படிக்கவோ அதில் எழுதவோ அதை இயக்கவோ ஒரு பயனருக்கு உரிமை உண்டா என்று கணினி முடிவு செய்யும் முறையாகும். கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் இயங்குதளத்தின் கெர்னல் இச்சோதனையைத் தானாகவே செய்கிறது. இதற்கு மேலாக, நிரல் எழுதுவோர் தம் நிரலுக்குள்ளேயே "இந்தக் கோப்பைத் திறக்க அனுமதி உண்டா?" என்று முன்கூட்டிக் கேட்பதும் உண்டு. இவ்விரண்டும் ஒன்றுபோல் தோன்றினாலும் ஒன்றல்ல. முன்கூட்டிக் கேட்டுப் பெற்ற விடை, கோப்பைத் திறக்கும் நொடியில் பொய்யாகிப் போகலாம். இந்த வேறுபாட்டைக் கணினி உலகம் உணர்ந்து திருத்திக்கொள்ள ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின.

தொடக்கம்

ஒரு கணினியை ஒருவர் மட்டுமே ஒரு நேரத்தில் பயன்படுத்திய காலத்தில் கோப்பு உரிமை என்ற கேள்வியே எழவில்லை. 1961-இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் சிடிஎஸ்எஸ் என்னும் நேரப் பகிர்வு இயங்குதளம் செயல்முறையாகக் காட்டப்பட்டது. பலர் ஒரே கணினியில் ஒரே நேரத்தில் வேலை செய்யத் தொடங்கியதும், ஒருவருடைய கோப்பை மற்றவர் தொடாமல் காப்பது தேவையாயிற்று.

அடுத்து உருவான மல்ட்டிக்ஸ் இயங்குதளத்துக்கான கோப்பு அமைப்பை டேலி, நியூமன் ஆகிய இருவரும் 1965-இல் வெளியிட்ட கட்டுரையில் விவரித்தனர். ஒவ்வொரு கோப்புக்கும் யார் யாருக்கு என்ன உரிமை என்னும் பட்டியலை வைத்திருப்பது அதன் வழி. இன்று இது அணுகல் கட்டுப்பாட்டுப் பட்டியல் எனப்படுகிறது.

யூனிக்சின் உரிமைக் குறிகள்

மல்ட்டிக்ஸ் திட்டத்திலிருந்து விலகிய பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்சை உருவாக்கினர். 1971 நவம்பரில் வெளிவந்த முதல் கையேட்டிலேயே கோப்பு உரிமைகள் இடம்பெற்றுள்ளன. நீண்ட பட்டியலுக்குப் பதில் சில பிட்டுகளே போதும் என்று அவர்கள் முடிவு செய்தனர். உரிமையாளர் படிக்கலாம், உரிமையாளர் எழுதலாம், மற்றவர் படிக்கலாம், மற்றவர் எழுதலாம், இயக்கலாம் என்பவை அவற்றுள் அடங்கும். குழு என்னும் இடைநிலை பின்னர் சேர்ந்தது.

இன்று 644, 755 என்று எழுதப்படும் எண்கள் இந்தக் குறிகளே. முதல் இலக்கம் உரிமையாளருக்கும், இரண்டாவது குழுவுக்கும், மூன்றாவது மற்றவர்க்கும் உரியவை. படிப்பதற்கு 4, எழுதுவதற்கு 2, இயக்குவதற்கு 1 என்று கூட்டிக்கொள்ள வேண்டும். எனவே 644 என்றால் உரிமையாளர் படிக்கவும் எழுதவும் செய்யலாம். ஏனையோர் படிக்க மட்டுமே முடியும்.

கெர்னல் சோதிக்கும் வரிசையில் மாணவர்கள் தவறவிடும் நுட்பங்கள் சில உள்ளன.

முதலாவது, பொருந்தும் முதல் வகுப்பை மட்டுமே கெர்னல் பார்க்கிறது. ஒரு கோப்பின் குறி 044 என்றால் உலகத்தார் எல்லாரும் அதைப் படிக்கலாம், அதன் உரிமையாளரைத் தவிர. அவர் உரிமையாளர் வகுப்பில் பொருந்திவிட்டதால் அதற்கு அப்பால் சோதனை செல்வதில்லை.

இரண்டாவது, ஒரு கோப்பை அழிக்க அந்தக் கோப்பில் எழுதும் உரிமை தேவையில்லை; அது இருக்கும் அடைவில் எழுதும் உரிமையே தேவை.

மூன்றாவது, உரிமைச் சோதனை கோப்பைத் திறக்கும்போது மட்டுமே நடக்கிறது. திறந்த பின் குறியை மாற்றினாலும், ஏற்கெனவே திறந்து வைத்திருக்கும் நிரல் தொடர்ந்து படிக்கும்.

நான்காவது, ரூட் எனப்படும் முதன்மைப் பயனருக்குப் படிக்கும், எழுதும் தடைகள் பொருந்துவதில்லை.

ஒரு நிரலுக்கு இரண்டு அடையாளங்கள்

யூனிக்சில் கடவுச்சொற்கள் ஒரு கோப்பில் இருந்தன. அதில் ரூட் மட்டுமே எழுதலாம். ஆனால் ஒவ்வொரு பயனரும் தம் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ள வேண்டும். இதற்கு ரிச்சி கண்ட தீர்வுதான் செட்யூஐடி என்னும் பிட். அந்தப் பிட் உள்ள நிரலை யார் இயக்கினாலும், அது இயக்கியவரின் அதிகாரத்தில் ஓடாமல் நிரலுக்கு உரியவரின் அதிகாரத்தில் ஓடும். இதற்கான காப்புரிமை விண்ணப்பம் 1973 ஜூலையில் அளிக்கப்பட்டு, 1979 ஜனவரியில் 4,135,240 என்னும் எண்ணில் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. பின்னர் அது பொதுப் பயன்பாட்டுக்கே விடப்பட்டது.

இதனால் ஓடும் நிரலுக்கு இரண்டு பயனர் எண்கள் உண்டாயின. இயக்கியவர் யார் என்பதைச் சொல்வது மெய்ப் பயனர் எண். யாருடைய அதிகாரத்தில் ஓடுகிறது என்பதைச் சொல்வது செயல் பயனர் எண். கெர்னல் கோப்பைத் திறக்கும்போது செயல் பயனர் எண்ணையே பார்க்கிறது. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

ஓர் எடுத்துக்காட்டு

காரைக்கால் என்பது புதுச்சேரி ஒன்றியப் பகுதிக்கு உரிய, காவிரிக் கழிமுகக் கடற்கரையில் தமிழ்நாட்டு மாவட்டங்கள் சூழ்ந்த பகுதி. 1739 முதல் பிரெஞ்சு ஆட்சியில் இருந்து, 1954 நவம்பர் 1 அன்று நடைமுறையிலும் 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியும் இந்தியாவுடன் இணைந்தது. அரசுக் கலைக் கல்லூரிகளும் பொறியியல் கல்லூரிகளும், 2010-இல் தொடங்கப்பட்டு இன்று திருவேட்டக்குடியில் அமைந்துள்ள புதுச்சேரி தேசியத் தொழில்நுட்பக் கழகமும் இருப்பதால் கணினி மாணவர்கள் நிறைந்த ஊர் இது.

இத்தகைய ஊரின் கல்லூரி ஒன்றில் ஒரு பொதுக் கணினி இருப்பதாகக் கொள்வோம். மாணவர்கள் பயிற்சிக் கணக்குகளைச் சமர்ப்பிக்க ஆசிரியர் ஒரு நிரல் எழுதி, அதற்குச் செட்யூஐடி பிட் வைத்திருக்கிறார். நிரல் ஆசிரியரின் அதிகாரத்தில் ஓடி, மாணவரின் விடையை ஆசிரியரின் அடைவில் சேர்க்கும். பிறகு, மாணவர் சொல்லும் பெயரில் ஒரு பற்றுச்சீட்டுக் கோப்பை எழுதித் தரும். ஒரு மாணவர் பற்றுச்சீட்டுக்குரிய பெயராக ஆசிரியரின் மதிப்பெண் கோப்பின் பெயரைக் கொடுத்தால் என்ன ஆகும்? நிரலிடம் ஆசிரியரின் அதிகாரம் இருப்பதால் கெர்னல் மறுக்காது. ஒரு வகுப்பின் மதிப்பெண் முழுவதும் அழிந்து, அந்த இடத்தில் ஒரு பற்றுச்சீட்டு இருக்கும்.

இத்தகைய நிகழ்வு உண்மையிலேயே அமெரிக்காவின் டைம்ஷேர் நிறுவனக் கணினியில் நடந்ததை நார்ம் ஹார்டி 1988-இல் எழுதினார். அங்கு போர்ட்ரான் தொகுப்பிக்கு, தன் அடைவில் புள்ளிவிவரம் எழுதச் சிறப்பு உரிமை இருந்தது. கட்டணக் கணக்குக் கோப்பும் அதே அடைவில் இருந்தது. பயனர் ஒருவர் வெளியீட்டுக் கோப்பாக அதன் பெயரைக் கொடுக்க, தொகுப்பி அதன் மேலேயே எழுதிவிட்டது. ஹார்டி இதற்குக் குழம்பிய முகவர் என்று பெயரிட்டார். தொகுப்பி இரண்டு எசமானர்களுக்கு வேலை செய்தது. எந்த வேலைக்கு எவருடைய அதிகாரம் என்பதை அது அறியவில்லை.

ஆக்சஸ் அழைப்பு

இத்தகைய செட்யூஐடி நிரல்களுக்கு உதவவே ஆக்சஸ் என்னும் கெர்னல் அழைப்பு வந்தது. 1979-இல் வெளியான ஏழாம் பதிப்பு யூனிக்சில் இது இடம்பெற்றது. கோப்பின் பெயரையும் வேண்டிய உரிமையையும் கொடுத்தால், செயல் பயனர் எண்ணை விட்டுவிட்டு மெய்ப் பயனர் எண்ணைக் கொண்டு சோதித்து விடை சொல்லும். நம் எடுத்துக்காட்டில், நிரல் முதலில் ஆக்சஸ் மூலம் "இம்மாணவர் இந்தக் கோப்பில் எழுதலாமா?" என்று கேட்கும். "ஆம்" என்றால் மட்டும் ஓப்பன் மூலம் திறக்கும். மதிப்பெண் கோப்பின் பெயரைக் கொடுத்தால் "இல்லை" என்று விடை வரும். சிக்கல் தீர்ந்ததுபோலவே தோன்றும்.

சோதனைக்கும் செயலுக்கும் இடையில்

ஆக்சஸ் ஓர் அழைப்பு, ஓப்பன் இன்னோர் அழைப்பு. இரண்டும் கோப்பைப் பெயரால் தேடுகின்றன. நேரப் பகிர்வுக் கணினியில் இவ்விரண்டுக்கும் நடுவே வேறு நிரல்கள் ஓட முடியும். மாணவர் தம் அடைவில் ஒரு குறியீட்டு இணைப்பை வைத்து, அது தம் சொந்தக் கோப்பைச் சுட்டுமாறு செய்கிறார். ஆக்சஸ் "ஆம்" என்கிறது. உடனே அந்த இணைப்பு மதிப்பெண் கோப்பைச் சுட்டுமாறு மாற்றுகிறார். ஓப்பன் அதே பெயரைத் தேடி, ஆசிரியரின் அதிகாரத்தில் மதிப்பெண் கோப்பைத் திறந்துவிடுகிறது.

நாகூரிலிருந்து கடலோரமாக வடக்கே செல்பவர் வாஞ்சூரில் காரைக்கால் எல்லைக்குள் நுழைந்து, நண்டலாற்றைக் கடந்து மீண்டும் தமிழ்நாட்டுக்குள் போகிறார். ஒரு சாவடியில் வண்டியைச் சோதித்த பின் வழியில் சரக்கு மாறினால், அந்தச் சோதனை எதற்கும் சான்றாகாது. பெயர் என்பது வண்டி எண் போன்றது. உள்ளே இருக்கும் சரக்கு அன்று.

இந்த இடைவெளி 'சோதித்த நேரம், பயன்படுத்திய நேரம்' என்ற பெயரில் அறியப்படுகிறது. இத்தகைய குறை யூனிக்சுக்கு மட்டும் உரியதன்று. ஐபிஎம் பெருங்கணினி இயங்குதளங்களின் பாதுகாப்பைப் பற்றி மெக்பீ 1974-இல் எழுதிய கட்டுரை இதைப் பேசுகிறது. 1975-இல் சால்ட்சரும் ஷ்ரோடரும் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையின் எட்டுக் கோட்பாடுகளுள் முழுமையான இடையீடு என்பது ஒன்று. ஒவ்வொரு பொருளையும் அணுகும் ஒவ்வொரு முறையும் உரிமை சோதிக்கப்பட வேண்டும் என்பது அதன் பொருள். ஆக்சஸ் பின்னர் ஓப்பன் என்னும் வழக்கம் இக்கோட்பாட்டை மீறியது. கெர்னல் சோதித்தது ஒருவருடைய உரிமையை. செயல்பட்டது இன்னொருவருடைய அதிகாரம்.

நடந்த தாக்குதல்கள்

ஏழாம் பதிப்பு யூனிக்சில் அடைவு உருவாக்கும் எம்கேடிர் என்பது செட்யூஐடி பிட் கொண்ட, ரூட் அதிகாரத்தில் ஓடும் நிரல். அது முதலில் தாய் அடைவில் எழுதப் பயனருக்கு உரிமை உண்டா என்று ஆக்சஸ் மூலம் கேட்கும். பிறகு அடைவை உருவாக்கும். அதன்பின் அந்தப் பெயருக்குரிய உரிமையைப் பயனர் பெயருக்கு மாற்றும். கடைசி இரண்டு படிகளுக்கு நடுவே, புதிய அடைவை நீக்கிவிட்டு அதே பெயரில் கடவுச்சொல் கோப்புக்கு ஓர் இணைப்பை வைக்க முடிந்தால், கடவுச்சொல் கோப்பே தாக்குபவரின் உடைமை ஆகிவிடும். 1983-இல் வந்த 4.2 பிஎஸ்டி யூனிக்சில் அடைவு உருவாக்குவது ஒரே கெர்னல் அழைப்பாக மாறியதும் இந்த வழி அடைபட்டது. ஆனால் அதே பதிப்பில் அறிமுகமான குறியீட்டு இணைப்புகள் பிற நிரல்களைத் தாக்குவதை எளிதாக்கின.

1993 நவம்பரில், எக்ஸ்டெர்ம் என்னும் முனைய நிரலில் இருந்த குறையைப் பற்றிச் செர்ட் அமைப்பு எச்சரிக்கை வெளியிட்டது. எக்ஸ்டெர்ம் பல கணினிகளில் ரூட் அதிகாரத்தில் ஓடியது. திரையில் வருவதைக் கோப்பில் பதிவு செய்யும் வசதியும் அதில் இருந்தது. அந்தப் பதிவுக் கோப்பின் வழியாக, சாதாரணப் பயனர் கணினியில் உள்ள எந்தக் கோப்பையும் உருவாக்கவோ மாற்றவோ முடிந்தது.

1996-இல் மேட் பிஷப், மைக்கேல் டில்கர் இருவரும் இக்குறையை முறையாக ஆராய்ந்தனர். சி மொழி மூலநிரலைப் படித்து, சோதனையும் பயன்பாடும் ஒரே பெயரின் மேல் தனித்தனியே நிகழும் இடங்களைச் சுட்டிக்காட்டும் கருவியையும் உருவாக்கினர்.

தீர்வு தேடிய பாதை

பலமுறை சோதித்தால் தாக்குபவர் ஒவ்வொரு முறையும் வெல்ல முடியாது என்னும் எண்ணம் 2004-இல் ஒரு கட்டுரையாக வெளிவந்தது. கெர்னலை மாற்றாமல் ஆக்சசை உறுதியாகப் பயன்படுத்த வழியில்லை என்று அதில் டிரூ டீன், ஆலன் ஹு இருவரும் நிறுவினர். மாற்றாக, ஆக்சசையும் ஓப்பனையும் மாறி மாறித் திரும்பச் செய்து, தாக்குதல் வெல்லும் வாய்ப்பை மிகச் சிறியதாக்கும் முறையை முன்வைத்தனர்.

அடுத்த ஆண்டே போரிசோவ், ஜான்சன், சாஸ்திரி, வாக்னர் ஆகியோர் அதை உடைத்துக் காட்டினர். ஆழமான அடைவுகளையும் இணைப்புகளையும் அடுக்கி ஒரு புதிர்ப்பாதையை அமைத்தால், கெர்னல் ஒவ்வொரு பெயரையும் வட்டிலிருந்து தேடிப் படிக்க நேரும். அந்தத் தாமதத்தில் தாக்குபவருக்கு வேண்டிய நேரம் கிடைத்துவிடும். நேரத்தை நம்பிப் பூட்டுப் போட முடியாது என்பது இதனால் உறுதியாயிற்று.

நிலைத்து நின்ற தீர்வுகள் வேறு வகையானவை. அவை சோதனையையும் செயலையும் ஒன்றாக்குகின்றன.

முதல் வழி, அதிகாரத்தைத் தற்காலிகமாகக் கைவிடுவது. சமர்ப்பிப்பு நிரல் தன் செயல் பயனர் எண்ணை மாணவருடையதாக மாற்றிக்கொண்டு பற்றுச்சீட்டைத் திறந்தால் போதும். உரிமை இல்லையென்றால் ஓப்பனே மறுத்துவிடும். அழைப்பு ஒன்றே என்பதால் இடைவெளி இல்லை.

இரண்டாம் வழி, பெயரை விட்டுவிட்டுத் திறந்த கோப்பின் கைப்பிடியைப் பயன்படுத்துவது. முதலில் திறந்து, பின் அந்தக் கைப்பிடியிடமே உரிமையாளர் யார் என்று கேட்க வேண்டும். பெயர் பிறகு மாறினாலும் கைப்பிடி மாறாது. அடைவின் கைப்பிடியிலிருந்து தொடங்கிக் கோப்பைத் திறக்கும் ஓப்பன்அட் அழைப்பு லினக்சில் 2006-இல் வந்தது. 2008-ஆம் ஆண்டு போசிக்ஸ் தரத்திலும் சேர்ந்தது. வழியில் குறியீட்டு இணைப்பு இருந்தால் மறுக்குமாறு சொல்லக்கூடிய அதன் அடுத்த வடிவம் 2020-இல் லினக்ஸ் 5.6-இல் இடம்பெற்றது.

மூன்றாம் வழி, சிறப்பு அதிகாரம் கொண்ட நிரலிடம் பெயரையே கொடுக்காமல் இருப்பது. பற்றுச்சீட்டை நிரல் திரைக்கு அனுப்பட்டும்; மாணவர் தம் சொந்த அதிகாரத்தில் அதைக் கோப்பில் சேமித்துக்கொள்ளட்டும். ஹார்டி பரிந்துரைத்த சிந்தனைக்கு நெருக்கமானது இதுவே.

டாஸ் விட்டுச்சென்ற பழக்கம்

தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் ஒரு தலைமுறைக்கும் மேலாக மாணவர்கள் சி மொழியைக் கற்றது டாஸ் இயங்குதளத்தில் ஓடிய டர்போ சி தொகுப்பியில்தான். டாசின் ஃபேட் கோப்பு அமைப்பில் உரிமையாளர் என்ற கருத்தே கிடையாது. படிக்க மட்டும், மறைவானது, அமைப்புக்குரியது, காப்பகத்துக்குரியது என்னும் பண்புகள் மட்டுமே உண்டு. டர்போ சியிலும் ஆக்சஸ் என்னும் செயற்கூறு இருந்தது. ஆனால் டாசில் இருக்கும் எந்தக் கோப்பையும் யாரும் படிக்கலாம் என்பதால், "படிக்கலாமா?" என்ற கேள்விக்கும் "இருக்கிறதா?" என்ற கேள்விக்கும் ஒரே விடைதான் வந்தது.

ஆகவே நம் மாணவர்கள் பலர் ஆக்சசை ஒரு கோப்பு இருக்கிறதா என்று பார்க்கும் கருவியாகவே அறிந்தனர். ஒரே பயனர், ஒரே நேரத்தில் ஒரே நிரல் என்னும் சூழலில் அது தீங்கும் செய்யவில்லை. விண்டோசின் சி நூலகத்தில் உள்ள இதே பெயர்ச் செயற்கூறும் கோப்பின் 'படிக்க மட்டும்' பண்பைத்தான் பார்க்கிறது. என்டிஎஃப்எஸ் கோப்பு அமைப்பின் அணுகல் பட்டியலைப் பார்ப்பதில்லை.

பின்னர் சூழல் மாறியது. சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய போஸ் லினக்ஸ் 2007-இல் வெளிவந்தது. 2011-இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தின் வழியே அது மாணவர் கைகளுக்கும் வந்தது. டாசில் பழகிய அதே வரிகளைப் பல பயனர் கொண்ட லினக்சில் எழுதும்போது, அவற்றின் பொருள் மாறிவிடுகிறது. தொகுப்பி எந்தப் பிழையும் காட்டாது, நிரலும் ஓடும்.

வலையமைப்பில் உள்ள கோப்புகளில் முன்கூட்டிய சோதனை இன்னும் நம்பகமற்றது. என்எஃப்எஸ் முறையில் கோப்பு வேறொரு கணினியில் இருக்கிறது. அக்கணினி ரூட்டின் அதிகாரத்தை ஏற்காமல் சாதாரணப் பயனராகவே நடத்தக்கூடும். இரண்டாம் பதிப்பு வரை, உரிமைக் குறிகளைப் பார்த்துப் பயனர் கணினி தானாகவே விடையை ஊகித்தது. 1995-இல் விவரிக்கப்பட்ட மூன்றாம் பதிப்பில்தான் கோப்பு இருக்கும் கணினியிடமே கேட்கும் வழி சேர்க்கப்பட்டது.

இன்றைய நிரல்மொழிகளில்

பைத்தான், ஜாவா, பிஎச்பி, நோட் ஜேஎஸ் ஆகிய எல்லாவற்றிலும் இத்தகைய சோதனைச் செயற்கூறுகள் உள்ளன. அவற்றுள் பலவற்றின் ஆவணங்கள் எச்சரிக்கையும் தருகின்றன. கோப்பைத் திறக்கும் முன் இதைக் கேட்காதீர்கள்; நேரடியாகத் திறந்து, தோல்வியைக் கையாளுங்கள் என்று பைத்தான் ஆவணமும் நோட் ஜேஎஸ் ஆவணமும் அறிவுறுத்துகின்றன. கிடைக்கும் விடை அந்த நொடியிலேயே பழையதாகிவிடும் என்கிறது ஜாவா ஆவணம். பிஎச்பி ஒருமுறை பெற்ற விடையை நினைவில் வைத்துத் திரும்பத் தருவதால், அதைத் துடைக்கத் தனிச் செயற்கூறே தேவைப்படுகிறது.

ஆண்ட்ராய்டு இதே யூனிக்ஸ் எண்களைப் புது வகையில் பயன்படுத்துகிறது. அங்கு ஒவ்வொரு செயலிக்கும் தனிப் பயனர் எண் உண்டு. எனவே ஒரு செயலியின் கோப்பை மற்றொரு செயலி தொட முயன்றால் கெர்னலே தடுக்கிறது. 1971-இல் ஒரே கணினியைப் பகிர்ந்துகொண்ட மனிதர்களைப் பிரித்த வேலி, இன்று ஒரே மனிதரின் கைப்பேசியில் உள்ள செயலிகளைப் பிரிக்கிறது.

பயன்

முன்கூட்டிய சோதனை முற்றிலும் பயனற்றது அன்று. எழுத முடியாத கோப்பு என்று பயனருக்கு முதலிலேயே அறிவிக்கவும், பட்டியலில் ஒரு பொத்தானை மங்கலாக்கவும், நீண்ட வேலையைத் தொடங்கும் முன் எச்சரிக்கவும் அது உதவும். அந்த விடை தவறினால் பயனருக்குச் சிறு ஏமாற்றம் மட்டுமே.

பாதுகாப்பு முடிவை மட்டும் அதன்மேல் வைக்கக் கூடாது. உரிமையை முடிவு செய்ய வேண்டியது கெர்னல்; முடிவு செய்ய வேண்டிய நேரம் கோப்பைத் திறக்கும் நேரம். நிரலாளர் செய்ய வேண்டியவை மூன்று: சரியான அடையாளத்தில் திறப்பது, மறுப்பு வந்தால் அதைப் பிழையாக ஏற்றுப் பயனருக்குத் தெளிவாகச் சொல்வது, திறந்த பின் பெயரை விட்டுக் கைப்பிடியை மட்டுமே நம்புவது.